படித்ததை எங்கே குறித்து வைத்தீர்கள்?

சென்ற ஆண்டு ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகைக்குப் பின் பொறுமையைப் பற்றிச் சிறிது நேரம் பேசினேன். பேச்சினூடே ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துரைத்தேன். உரை முடிந்ததும் பெரியவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, "ஹஜ்ரத், நீங்கள் சொன்ன சம்பவம் எந்தக் கிதாபில் வருகிறது? பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. நாளை சொல்வதாகக் கூறி வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். மூன்று இரவுகள் தேடியும் அகப்படவில்லை. எங்கோ படித்தது உண்மை. ஆனால் அது நபிமொழியா, ஸஹாபி ஒருவரின் வாழ்வில் நடந்ததா, பிற்காலத்தார் புனைந்த கதையா என்று என்னால் உறுதி கூற இயலவில்லை. நான்காம் நாள் அதே இடத்தில் எழுந்து நின்று, "அன்று நான் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்" என்று அறிவித்தேன்.

அன்புள்ள வாசகர்களே! நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது எத்துணைக் கடுமையான குற்றம் என்பதை நீங்கள் அறிவீர்கள். வேண்டுமென்று யாரும் அதைச் செய்வதில்லை. படித்த இடம் மறந்துபோகிறது, சொல் மட்டும் நாவில் தங்கிவிடுகிறது. இன்று கைபேசி வழியே ஊர் ஊராகச் சுற்றும் ஆதாரமற்ற செய்திகளைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த இரவு நானும் அதே வேலையைத்தான் செய்திருந்தேன். ஒரு சிறிய குறிப்பேடு இருந்திருந்தால் தப்பியிருப்பேன்.

எழுதி வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டவற்றை எழுதி வைத்தார்கள். 'ஸாதிகா' என்பது அந்த ஏட்டின் பெயர். ஏராளமான ஹதீஸ்களை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களே, தம்மைவிட மிகுதியாக அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்றும், அவர் எழுதினார், தாம் எழுதவில்லை என்றும் காரணம் கூறியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. பக்தாதில் புத்தகத் தொழில் செய்த இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தாம் அறிந்த அரபு நூல்களையெல்லாம் 'ஃபிஹ்ரிஸ்த்' என்னும் பட்டியலாக்கினார். அவற்றுள் மிகப் பல இன்று உலகில் இல்லை. அப்படி ஒரு நூல் இருந்தது என்பதற்கே பல இடங்களில் அந்தப் பட்டியல்தான் சாட்சி.

"எழுதி வைத்தால் மனனம் குறைந்துவிடாதா?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜானில் கற்றுவிட்டுத் தம் ஊரான தூஸுக்குத் திரும்பும் வழியில் கள்வர்கள் மறித்து, குறிப்பேடுகள் அடங்கிய மூட்டையையும் பறித்துக்கொண்டனர். அதை மட்டும் தந்துவிடும்படி அவர்கள் கெஞ்ச, நாங்கள் பறித்தால் பறிபோகும் இதையா கல்வி என்கிறாய் என்று கள்வர் தலைவன் நகைத்து, மூட்டையைத் திருப்பித் தந்தானாம். ஊர் திரும்பிய இமாம் அவர்கள் மூன்று ஆண்டுகள் செலவிட்டு அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். மனனம் செய்வதற்கும் அந்த ஏடுகள்தாமே வேண்டியிருந்தன!

இனி, எப்படி எழுதுவது? கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பித்த ஆண்டு, படித்து முடித்த தேதி. இரவல் நூலாயின் யாருடையது என்பதையும் எழுதுங்கள். (திருப்பிக் கொடுக்கவும் அது நினைவூட்டும். நம் வீட்டு அலமாரிகளில் எத்தனை அமானிதங்கள் உறங்குகின்றனவோ!) மனத்தில் தைத்த கருத்தைப் பக்க எண்ணுடன் குறியுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பு, முகவரி இல்லாத கடிதம் போன்றது. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: ஆசிரியர் சொன்னதையும் உங்களுக்குத் தோன்றியதையும் கலந்துவிடாதீர்கள். நான் நூலில் உள்ளதை நீல மையிலும், என் எண்ணத்தைச் சிவப்பு மையிலும் எழுதுகிறேன். பத்தாண்டு கழித்துப் புரட்டும்போது எது யாருடைய சொல் என்று குழம்பக் கூடாதல்லவா?

நூலை மூடிவைத்த பிறகே எழுதத் தொடங்குங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் கை நகலெடுக்கும், மனம் தூங்கிவிடும்.

அந்த ரமளானுக்குப் பின் மூன்று நோட்டுகள் வாங்கினேன். ஒன்றை மனைவியிடம் நீட்டியபோது, "எனக்கு எங்கே நேரம்?" என்று சொல்லிவிட்டார். ஆனால் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவர் எழுதி வருவதைத் தற்செயலாகக் கண்டேன். நான் மிகவும் பாராட்டிய குடும்ப நூல் ஒன்றைப் பற்றி இரண்டே வரிகள்: 'மனைவி என்ன செய்ய வேண்டும் என்று தொண்ணூறு பக்கம். கணவனுக்கு ஆறு பக்கம்.' எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகவே இருந்தது. இரண்டு முறை படித்தும் என் கண்ணில் அது படவில்லை.

என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பொறுமைச் சம்பவத்தைத்தான் எழுதியிருக்கிறேன். எதிரே நூலின் பெயருக்கும் பக்க எண்ணுக்கும் விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பெரியவர் பார்க்கும் போதெல்லாம் கேட்கிறார், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.