காவிரிப்பூம்பட்டினம்: ஏட்டிலும் மண்ணிலும்

பண்டை நகரங்களைக் காணச் செல்வார்க்கு இன்பம் பயப்பன பெரும்பாலும் அழியாது நிற்கும் கோட்டைகளும் கோயில்களுமே ஆம். காவிரிப்பூம்பட்டினம் இதற்குப் புறனடையாகும். காவிரி கடலொடு கலக்கும் அவ்விடத்து இன்று கண்ணுக்குப் புலப்படுவன சிற்றூர்களும் மணற்பரப்பும் மெலிந்த ஆற்றுவாயுமே. எனினும் தமிழ் கற்றார்க்கு அந்நகர் தரும் இன்பம் பெரிது. அஃது எத்தகையது என்பதையும், ஆராய்வார் அதனை ஆளுமாற்றையும் ஈண்டு விளக்குவோம்.

இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோவடிகள் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தை முதற்கண் கூறி, அதன்பின் பட்டினப்பாக்கத்தையும், இரண்டற்கும் இடைப்பட்ட நாளங்காடியையும் கூறுகின்றார். யவனர் இருக்கையும் கைவினைஞர் தெருக்களும் முன்னையதில் அமைய, அரசவீதி பின்னையதில் அமைகின்றது. ஆகவே, கடற்கரையினின்று ஊருள் நடப்பார்க்குக் காப்பியமே வழித்துணை ஆகின்றது. கட்டடம் இன்மையால் குறைவுபடாது, கற்ற நூலால் நிறைவுறும் காட்சி இது.

இனி, மண் கூறும் சான்றினைக் காண்போம். இந்தியத் தொல்லியல் துறையினர் 1962-63 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில், கீழையூரில் மரத்தூண்களொடு கூடிய செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. பல்லவனேச்சுரத்தில் 4-5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் பௌத்த விகாரமும் புத்தபாதக் கல்லும் கிடைத்தன.

கோவலனும் கண்ணகியும் நகர் நீங்குகையில் இந்திர விகாரம் ஏழனையும் கடந்தனர் எனச் சிலம்பு கூறும். அகழ்ந்து கண்ட விகாரத்தை நோக்குவார் நெஞ்சு, அவ்வேழனுள் ஒன்று இதுவே எனத் துணிய விழையும். ஆண்டே நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும். காப்பியத்தைக் கொண்டு கட்டடத்திற்குப் பெயரிட்டு, அக்கட்டடத்தைக் கொண்டே காப்பியத்திற்குக் காலம் கணிப்போமாயின், ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் அவ்விரு முடிபுகளுக்கும் வேறு நிலைக்களன் இல்லை. சிலம்பின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு தீராத நிலையில் இக்குற்றம் சிறிதன்று.

1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்திற்கும் இது பொருந்தும். அதன் சிற்பங்கள் காப்பியத்திற்கு உரை போல்வன. நகரத்திற்குச் சான்று ஆகா.

எனவே, புகார் செல்லும் மாணாக்கர் நூலைக் கையிற்கொண்டே செல்க. ஆயின், நூல் கூறுவதையும் நிலம் காட்டுவதையும் தனித்தனியே குறித்துக் கொள்க. இரண்டும் தாமே ஒத்துவரும் இடம் சிலவே எனினும், அச்சிலவே உறுதியுடையன.