தொடுதிரை கெட்டால் தட்டவேண்டிய கதவுகள்

(நமது மாதுங்கா நிருபர்)

தாராவி 90 அடி சாலையிலும் மாதுங்காவிலும் சயான் கோலிவாடாவிலும் நம்மவர்கள் நடத்தும் சிற்றுண்டிச் சாலைகளுக்குச் செல்லும் வாசகர்கள், கல்லாவில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். பில் புத்தகமும் கார்பன் தாளும் இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடித் திரை நிற்கிறது. இட்லி என்ற கட்டத்தில் விரல் பட்டால் இட்லி கணக்கில் ஏறுகிறது. வடை என்ற கட்டத்தில் பட்டால் வடை ஏறுகிறது. இரண்டு நிமிஷ வேலை பத்து விநாடியில் முடிகிறது. புறநகர் ரயில் நிலையங்களில் டிக்கெட் கொடுக்கும் ஏ.டி.வி.எம். இயந்திரத்தின் முகமும் இதே தொடுதிரைதான்.

வேலை செய்கிற வரையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போனால் யாரிடம் போவது, திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, பணம் வருமா என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரியாத காரணத்தால் சிறு கடைக்காரர்கள் பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய பொருளை மூலையில் சாத்திவிட்டு மறுபடியும் பில் புத்தகத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

பேய் விரல்

தாராவியில் சிறிய உணவு விடுதி நடத்தும் திருநெல்வேலி அன்பர் ஒருவர், இணையக் கடை ஒன்றின் மூலம் தொடுதிரை மானிட்டர் வாங்கினார். பன்னிரண்டாம் நாள் கோளாறு தொடங்கியது. யாரும் தொடாமலே பில்லில் வடைகள் ஏறின. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு காப்பிக்குப் பதில் பதினோரு வடைக்கு பில் வந்தது. "திரைக்குப் பேய் பிடிச்சிருக்கு அண்ணாச்சி" என்று கடைப் பையன் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய திரை அது.

விற்றவர்களைக் கேட்டார். "மாற்றித் தரும் காலம் ஏழு நாள்தான், அது முடிந்துவிட்டது" என்றார்கள். தயாரித்த கம்பெனியைக் கேட்டார். "நீங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள், அதற்கு உத்தரவாதம் இல்லை" என்று பதில் வந்தது. இந்த இரண்டு பதிலோடு நம்மவர்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். அவர் நிற்கவில்லை. திரையைத் தூக்கிக்கொண்டு லாமிங்டன் ரோட்டுக்குப் போனார்.

கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள லாமிங்டன் ரோடு, மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன இடம். டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றப்பட்ட பிறகும் பழைய பெயரே மக்கள் வாயில் நிலைத்திருக்கிறது. அங்கே பழுது பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவர் நம்மிடம் சொன்னது:

"சார், இங்கே வருகிற மானிட்டர் பலதில் ஒரு கோளாறும் இருக்காது. வயர் மாட்டியிருக்க மாட்டாங்க. இல்லேன்னா அழுக்கா இருக்கும். நிஜமாவே கெட்டுப்போனது எது, கெடாதது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டாத்தான் கம்பெனிக்காரன்கிட்டே தைரியமா பேச முடியும்."

மூன்று ஜாதித் திரைகள்

விரல் பட்டதைத் திரை அறிவது எப்படி? இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரிலிருந்த ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் என்பவர், 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் தொடுதிரையை முதலில் விவரித்தார். இன்று கடைகளில் பெரும்பாலும் மூன்று வகை காணப்படுகின்றன.

முதலாவது அழுத்தத்தால் வேலை செய்வது. இரண்டு மெல்லிய படலங்கள் சிறிது இடைவெளியோடு இருக்கும். விரல் அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடும். கையுறை போட்டிருந்தாலும் பேனா முனையால் தொட்டாலும் வேலை செய்யும். நாளாவட்டத்தில் குறி தவறும்.

இரண்டாவது, நமது கைப்பேசியில் இருப்பது. கண்ணாடியின் மேல் உள்ள மின்புலத்தை விரல் கலைப்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும். சாதாரணக் கையுறையோடு தொட்டால் அறியாது. ஈரக் கை பட்டால் தடுமாறும். மின்சார அடாப்டர் மட்டமானதாக இருந்தாலும் எர்த் இணைப்பு சரியில்லாவிட்டாலும் தானாகவே தொட்டதுபோல் நடந்துகொள்ளும்.

மூன்றாவது அகச்சிவப்புக் கதிர் வகை. திரையின் நான்கு ஓரச் சட்டங்களிலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. விரல் அவற்றை மறைப்பதே தொடுதல். சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும் ஒரு ஈ உட்கார்ந்தாலும் திரை அதையும் விரல் என்று எண்ணிவிடலாம். நேர் வெயிலும் இதற்கு ஆகாது.

தாராவி அன்பரின் திரை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. தோசைக் கல்லின் எண்ணெய்ப் புகை சட்டத்தில் படிந்திருந்தது. துடைத்ததும் பேய் ஓடிவிட்டது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை தொடுதலே எடுபடவில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தபோதும் அதே இடம் செத்துக் கிடந்தது. "அழுக்கு உங்க பங்கு, இது கம்பெனி பங்கு" என்று இளைஞர் பிரித்துக் கொடுத்தார்.

புகார் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

1. படம் தெரிகிறது, தொட்டால் மட்டும் வேலை செய்யவில்லையா? படத்துக்கு ஒரு வயர், தொடுதலுக்கு யு.எஸ்.பி. வயர் என்று பெரும்பாலான மானிட்டர்களுக்கு இரண்டு வயர்கள் உண்டு. இரண்டாவதை மாட்டாமல் விடுவதே மிகச் சாதாரணமான தவறு.

2. ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு திரைகள் இருந்து, ஒன்றைத் தொட்டால் மற்றொன்றில் வேலை நடக்கிறதா? அது இயந்திரக் கோளாறு அன்று. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் உள்ள டேப்லட் பி.சி. செட்டிங்ஸ் பகுதியில், எது தொடுதிரை என்று காட்டிக்கொடுத்தால் சரியாகும்.

3. தொட்ட இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறொன்றா? திரையைக் குறி திருத்த வேண்டும். அதே பகுதியில் காலிபரேட் என்ற வசதி இருக்கிறது.

4. தானாகவே தொடுகிறதா? திரையை அணைத்து, மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, சட்டத்தோடு சேர்த்துத் துடைக்கவும். திரவத்தைத் திரைமேல் நேராகத் தெளித்தால் ஓரத்தில் வழிந்து உள்ளே இறங்கிவிடும். பிறகு பிளக்கை வேறு பாயின்டில் மாட்டிப் பார்க்கவும்.

5. கடைசியாக, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவும். அங்கும் அதே கோளாறு என்றால் திரையின் குற்றம். அங்கே சரியாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் குற்றம். இந்த ஐந்தாவது சோதனையைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே சாட்சி.

பின் மூடியை மட்டும் கழற்ற வேண்டாம். முத்திரை உடைந்தால் உத்தரவாதத்தை மறுக்கக் கம்பெனிக்கு நல்ல சாக்குக் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் அமுலில் இருக்கிறது. பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வாணிபம் என்று இச்சட்டம் கூறுகிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், பில்லில் காலம் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாளுக்குள், பணத்தைத் தர வேண்டும். பில் கொடுக்காமல் விற்பதும் இதே பட்டியலில் சேரும்.

இணையக் கடைகளுக்கு 2020-இல் தனி விதிகள் வந்தன. குறை கேட்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஏழு நாள் கழிந்தது என்பதோடு கதை முடிந்துவிடாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கடையின் ஏழு நாள் வேறு, கம்பெனி கொடுத்த ஓராண்டு உத்தரவாதம் வேறு.

"வியாபாரத்துக்கு வாங்கினால் நீங்கள் நுகர்வோர் அல்ல" என்ற பதில் பாதி உண்மை. பெரிய அளவில் லாபத்துக்காக வாங்குகிறவர்களை இச்சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தினால் அவர் நுகர்வோரே என்று சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. இதற்கு ஒரு பழைய வழக்கு வழிகாட்டி. லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட் 1995-இல் தீர்ப்புக் கூறியது. அந்த நிறுவனம் பெரிய அளவில் தொழில் நடத்தியதால் அதற்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் பிழைப்புக்காகத் தாமே ஓட்ட ஆட்டோ வாங்கும் ஏழையும், தாமே இயக்கக் கடைசல் இயந்திரம் வாங்கும் தொழிலாளியும் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. கல்லாவில் தாமே உட்காரும் சிறு கடைக்காரருக்கு இது பெரிய துணை.

தமிழிலேயே பேசலாம்

முதலில் தட்ட வேண்டிய கதவு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். இங்கே 17 மொழிகளில் பேசலாம். அவற்றுள் தமிழும் உண்டு. மராத்தியும் இந்தியும் தடுமாறும் நம் முதியவர்களுக்கு இது பெரிய வசதி. புகாருக்கு எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பி, பதில் கேட்பார்கள். அவர்களுக்குத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் இல்லை. ஆனால் அரசாங்கத்தின் வழியாக வரும் கேள்விக்குக் கம்பெனிகள் கொஞ்சம் மரியாதை காட்டுகின்றன.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். விற்றவர் டில்லியில் இருந்தாலும் டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. கோளாறு ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் வழியாகவும் பதிவு செய்யலாம். மும்பையில் வழிகாட்ட, 1975-இல் தொடங்கிய மும்பை கிராஹக் பஞ்சாயத்து இருக்கிறது.

தாராவி அன்பர் முதல் கதவோடு நின்றார். வீடியோவையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1915-க்குத் தமிழில் பேசினார். மூன்றாவது வாரம் கம்பெனி புதுத் திரை அனுப்பியது. இப்போது அது தோசைக் கல்லிலிருந்து எட்டடி தள்ளி நிற்கிறது.

முலுண்டில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் இன்னோர் அன்பருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜி.எஸ்.டி. வரியாக நூற்றுக்கு 18 ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கினார். ஒரே மாதத்தில் திரை இருண்டுவிட்டது. "என்னிடம் வாங்கியதற்கு அத்தாட்சி எங்கே?" என்று விற்றவர் கேட்டார். காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மிச்சம் பிடித்த 18-க்காக முழு 100-ம் போயிற்று.

வாங்கும்போதே செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து திரை எரியும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். உடைந்த கண்ணாடிக்கு உத்தரவாதம் செல்லாது என்பதால், வழியில் உடைந்ததா உங்களிடம் உடைந்ததா என்ற தகராறு அப்போதே தீர்ந்துவிடும். பெட்டியையும் தெர்மோகோலையும் மாற்றித் தரும் காலம் முடியும் வரை எறிய வேண்டாம். சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள். சர்வீஸ் சென்டர் மும்பையில் உண்டா, ஆள் கடைக்கு வருவாரா, நாம் தூக்கிச் செல்ல வேண்டுமா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். தூக்கிச் செல்ல நேர்ந்தால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்து மேலே சாமான் அடுக்கினால் கண்ணாடி தாங்காது. கம்ப்யூட்டரும் திரையும் ஒன்றாக இணைந்த வகை என்றால், கணக்குகளை வேறிடத்தில் பிரதி எடுத்து, உள்ளே இருப்பதை அழித்த பிறகே திருப்பி அனுப்புங்கள்.

இனி உதவாது என்று ஆன திரையைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதும் நல்லதன்று. பழைய திரைகளின் விளக்குக் குழாயில் பாதரசம் உண்டு. அதைக் கையால் உடைத்துப் பிரிக்கிறவர்களில் நம் தாராவிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் அமுலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருளை முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. புதுத் திரை வாங்கும் அன்றே, "பழையதை எடுத்துக்கொள்வீர்களா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.