சிறுநீரகம் காப்போம் – 9: காசநோய் போயிற்று, கால் ஏன் வீங்குகிறது?

சர்க்கரை நோய் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். சிறுநீரில் புரதம் போகிறது என்றதும் எல்லோரும் சர்க்கரையைத்தான் நினைக்கிறோம். சர்க்கரையே இல்லாதவருக்குப் புரதம் கொட்டினால்? அவருடைய பழைய நோய்களைத் தோண்டிக் கேட்க வேண்டும். எப்போதாவது டி.பி. வந்ததா? மாத்திரையைப் பாதியில் விட்டாரா? எலும்பில் சீழ் வைத்துப் பல ஆண்டு ஆறாமல் இருந்ததா? தினமும் கோப்பை கோப்பையாகச் சளி துப்புகிற நெஞ்சா? முடக்குவாதத்துக்கு வலி மாத்திரையை மட்டுமே விழுங்கிக் காலம் தள்ளினாரா?

உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் எஸ்.ஏ.ஏ. என்றொரு புரதத்தைச் சுரக்கும். நலமாக இருக்கையில் அது ரத்தத்தில் மிகச் சொற்பம்; கடும் அழற்சியில் ஆயிரம் மடங்குவரை ஏறும். நாலு நாள் காய்ச்சல் என்றால் ஏறியது இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் இறங்காமலே இருந்தால்தான் ஆபத்து. சிலருக்கு அந்தப் புரதத்தின் துண்டுகள் நார் நாராகத் திரண்டு, கரையாமல் உறுப்புகளில் படிகின்றன. இந்தப் படிவுக்குத்தான் அமிலாய்டு என்று பெயர். சிறுநீரக வடிகட்டிகளில் இது படிந்ததும் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது.

சென்னை கிண்டிக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. பாம்புக்கடிக்கான எதிர்நஞ்சு முன்பு தயாரான இடங்களில் அங்குள்ள கிங் இன்ஸ்டிடியூட்டும் ஒன்று. குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஊசியேற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரிப்பார்கள். இப்படிச் சீரத்துக்காகத் திரும்பத் திரும்ப ஊசி போடப்பட்ட குதிரைகளின் உறுப்புகளில் அமிலாய்டு படிவதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓயாத தூண்டுதல் உடம்பை என்ன செய்யும் என்பதற்கு அந்த வாயில்லாப் பிராணிகளே சாட்சி.

அழற்சி தொடங்கிய உடனே இது வருவதில்லை. லண்டன் அமிலாய்டு மையத்தின் 374 நோயாளிகளைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வில், அழற்சி நோய்க்கும் அமிலாய்டுக்கும் இடையே ஏறத்தாழ 17 ஆண்டு இடைவெளி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் அடிபட்டது சிறுநீரகம். அங்கே முதல் காரணம் மூட்டுவாதம்; இந்தியாவில் இவ்வகை அமிலாய்டை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் முதலிடத்தில் கண்டது காசநோயை. தொழுநோயும் இந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொரு வகை அமிலாய்டுக்கு அழற்சியே வேண்டாம். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் தறிகெட்டுப் பெருகி, வேண்டாத புரதத்தை ரத்தத்தில் கொட்டும்; அதுவே அமிலாய்டாகப் படியும். அறுபதை ஒட்டிய வயதும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும் இதன் அபாயக் காரணிகள். மைலோமா நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இது சேர்ந்து வரும். குடும்ப வழியாக வரும் வகைகளும் உண்டு, ஆனால் அபூர்வம். பல ஆண்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வருவது வேறொன்று. அது மூட்டுகளையும் மணிக்கட்டையும்தான் அதிகம் தாக்கும்.

இவற்றில் வயதையும் மரபணுவையும் நாம் மாற்ற முடியாது. காசநோயைக் குணப்படுத்த முடியும். அதனால்தான் நம் ஊரில் ஒருவர் இந்த வழியில் சிறுநீரகத்தை இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று உலகுக்கே காட்டியது. அந்த நகரத்தில் பாதி மருந்தோடு நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று நம்பிவிடுகிறார்கள். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் முழுதும் சாப்பிட்டாக வேண்டும்.

படிந்த அமிலாய்டை எளிதில் கரைக்க முடியாது. அழற்சியை அடக்கினால் மேலும் படிவதைத் தடுக்கலாம். சிலருக்குச் சிறுநீரகம் ஓரளவு தேறுவதும் உண்டு. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதே முக்கியம். முதல் படி சாதாரண சிறுநீர்ப் புரதப் பரிசோதனை; நோயை உறுதிசெய்யத் திசு எடுத்து காங்கோ ரெட் சாயத்தில் பார்ப்பார்கள். கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. பழைய டி.பி., ஆறாத சீழ், நாள்பட்ட மூட்டுவாதம் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் புரதம் பாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் உங்கள் பழைய நோயை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.