அவரை பூத்துச்சா, அத்தை சாப்பிட்டாங்களா?

விருத்தாசலத்தில் செடி வளர்ப்பவர்களுக்குப் பேசக் கிடைப்பது இரண்டு வேளைதான். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, இறங்கிய பின்னால் ஒன்று. நடுவில் மொட்டை மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது. அந்த இரண்டு வேளையிலும் கைப்பிடிச் சுவரோரம், தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நடக்கிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் தெருவின் நிலவரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"அவரை பூத்துச்சாக்கா?"

"எங்க, பூவெல்லாம் கொட்டிப் போவுது. உங்க அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ராத்திரி தூக்கமே இல்லக்கா. எழுந்து எழுந்து உக்காந்துக்கிறாங்க. விடியறப்பதான் கொஞ்சம் கண்ணு அசந்தாங்க."

"அப்ப நீயும் தூங்கல. சரி, இந்தப் பிஞ்சுப் பீர்க்கன் ரெண்டு எடுத்துட்டுப் போ. பல்லு இல்லாதவங்களுக்கு மெத்துனு இருக்கும்."

அவரையில் தொடங்கி, அத்தையிடம் போய், பீர்க்கனில் வந்து நிற்கிறது பேச்சு. இதை வெட்டிப் பேச்சு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுப்பது இந்தப் பேச்சின் வழியாகத்தான். "உன் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டாரா?" என்று நேரடியாகக் கேட்க யாருக்கும் வாய் வராது. "என்ன, ரெண்டு நாளா மாடிப் பக்கமே காணோம், செடியெல்லாம் வாடிக் கிடக்குது?" என்று கேட்கலாம். பதில் சொல்பவரும் செடியில் ஆரம்பித்தால்தான் மற்றதைச் சொல்ல முடிகிறது.

தொட்டிக்கும் நாற்றுக்கும் வெளியூர் போக வேண்டாத ஊர் இது. அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் பீங்கான் தொழிற்பேட்டையும் இங்கே இருக்கின்றன. அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, கொலு பொம்மை, மின்சாரப் பெட்டிக்கான ஃப்யூஸ் கேரியர் என்று என்னென்னவோ இந்தச் சூளைகளில் வெந்து வெளியூர் போகின்றன. பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணோடு பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் வருகிறது. இன்னொரு பக்கம், வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம். வி.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்தோடு வரும் நிலக்கடலையும் முந்திரியும் இந்த ஊரின் பெயரைச் சுமந்து போகிறவை. நிலக்கடலை என்று நான் எழுதினாலும் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே அது மல்லாட்டைதான். கடலூர்ப் பக்கம் பாலூரில் 1905-இல் தொடங்கிய காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பீர்க்கனும் கத்தரியும் பல மாடிகளில் காய்க்கின்றன.

ஆனால், செடிகளைவிட அவற்றை வளர்ப்பவர்களின் வயதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணிப்புப்படி 2021-இல் அது 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 விழுக்காட்டைத் தொடும். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு கிழவியும் அவரைத் தாங்கிப் பிடிக்கும் இளம் மகளும்தான் வந்து நிற்கிறார்கள். தெருவில் நிலைமை வேறு. மகளுக்கே 62 வயது. தாய்க்கு 86. மகளுக்கு முழங்கால் தேய்மானம், சர்க்கரை. தாயைக் கழிவறைக்கு அழைத்துப் போகையில் இருவரும் சேர்ந்தே தடுமாறுகிறார்கள். பேரப்பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ரயில் சந்திப்பு உள்ள ஊரில் பிள்ளைகள் வெளியேறுவதும் சுலபம். பொங்கல் கழிந்ததும் நடைமேடையில் நின்று கையசைத்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கிறது.

இந்த ஊர்க் கோயில் கதை ஒன்று எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்கு விருத்தாம்பிகை என்று பெயர். பெரியநாயகி என்றும் சொல்வார்கள். திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் குரு நமசிவாயர் இங்கே தங்கினார். பசி. அம்மனைக் கிழவி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினார். ஒரு முதியவள் எதிரே வந்து கேட்டாள்: "ஓயாமல் கிழவி கிழவி என்கிறாயே, கிழவியால் சோறும் தண்ணீரும் எப்படியப்பா தூக்கி வர முடியும்?" அவர் அவளை இளமையானவளாகப் பாட, இளம்பெண்ணாக வந்து அன்னம் படைத்தாளாம். பாலாம்பிகை என்ற இளைய நாயகிக்கும் அந்தக் கோயிலில் சந்நிதி இருக்கிறது.

கதையைச் சொல்பவர்கள் பாட்டின் மகிமையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. சோறு போட வேண்டியவளுக்கே வயதாகிவிட்டால் என்ன செய்வது? அம்மனுக்கு இளமை திரும்பியது. நம் தெருவின் 62 வயது மகளுக்குத் திரும்பப் போவதில்லை. ஊர் உலகம் கேட்பதெல்லாம் "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான். "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்கிற ஆள், பெரும்பாலும் சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவர்தான்.

மாடித் தோட்டம் கீழே இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் கனமான தொட்டிகள் இறங்கும். "மேல வெயில் தாங்கலக்கா" என்று காரணம் சொல்வார்கள். அடுத்து துளசியும் கற்பூரவல்லியும். கடைசியாகப் பந்தல் கம்பிகள். வெயில் எல்லா வருஷமும்தான் அடிக்கிறது. படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அல்லது பெரியவரைக் கீழே தனியே விட்டுவிட்டு மேலே போக மனம் துணியவில்லை. தோட்டத்துச் சிநேகிதர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். தொட்டி இறக்குகிற அன்று இரண்டு பேர் கேட்காமலே வந்து கை கொடுப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது என்று நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. தினமும் தண்ணீர் சிந்துகிற தளத்தில் ஐப்பசி அடைமழை பிடித்தால் பாசி படர்ந்துவிடும். அறுபதைத் தாண்டியவர் அதில் ஒருமுறை வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். அதற்கப்புறம் பார்த்துக்கொள்கிறவரே பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவராகிவிடுவார்.

செடியின் தேர்வும் வயதோடு மாறுகிறது. கொத்தவரை குறைந்து சுரையும் பீர்க்கனும் கூடுகின்றன. வேலியோரம் முடக்கத்தானும் பிரண்டையும் ஏறுகின்றன; கட்டுப்பல் வைத்தவருக்குப் பிரண்டைத் துவையல் இறங்குகிற மாதிரி வேறு எதுவும் இறங்குவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு மறதி நோய். மனைவி பெயர் சில நாள் மறந்துபோகும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் மறக்காது. ஊற்றிவிட்டோம் என்பது மறந்துபோகும். ஒரே ரோஜாத் தொட்டிக்குக் காலையிலிருந்து மதியம் வரை ஊற்றிக்கொண்டே இருப்பார். மண் தொட்டியானால் சுவரே கொஞ்சம் தண்ணீரைக் கசிய விடும். சுமார் 1,200 டிகிரி சூட்டில் மெருகோடு வெந்த பீங்கான் தொட்டி ஒரு சொட்டும் விடாது. அடித் துளை அடைபட்டால் வேர் அழுகிவிடும். ரோஜா போனது. அடுத்து வைத்த செம்பருத்தியும் போனது. சொம்பைப் பிடுங்கி வைத்தால் அவர் கோபப்பட்டு அழுதார்.

பெரியவரின் மகளுக்கு யோசனை சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். சூளையில் கொஞ்சம் கோணிப்போய், துளை போடாமல் விட்ட அகலமான பீங்கான் தொட்டி ஒன்றை மலிவாக வாங்கி வந்தார்கள். அடியில் களிமண், அதில் அல்லிக் கிழங்கு, மேலே தண்ணீர். கொசு முட்டையிடாமலிருக்க நாலைந்து கப்பி மீன். அதைச் சுற்றித் தரையில் சேம்பும் கல்வாழையும் வல்லாரையும். இப்போது பெரியவர் எத்தனை சொம்பு ஊற்றினாலும் தொட்டி நிரம்பி வழிந்து கல்வாழைக்குப் போகிறது. அவருக்கு வேலை இருக்கிறது, "போதும்பா, விடுங்கப்பா" என்று யாரும் அதட்டுவதில்லை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையோடு சேர்த்துச் சொல்லத் தகுந்த வைத்தியம் இது என்றே நினைக்கிறேன். பீங்கானும் செடியும் ஒன்றாகத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டில் இருந்ததால் கிடைத்தது.

வானிலைப் பேச்சுக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் மணிமுத்தாறு மணலாகக் கிடக்கும். அக்னி நட்சத்திரத்தில் காற்றே சுடும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை வயதானவர் உள்ள வீடுகள் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். வயது ஏற ஏறத் தாக உணர்ச்சி மங்குகிறது, வியர்வையும் குறைகிறது. உடம்பில் நீர் வற்றுவதை அவர்களே உணர்வதில்லை. "தாகம் இல்லம்மா" என்று அவர்கள் சொல்வது உண்மைதான், அதனால்தான் ஆபத்து. எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருக்கும் வழக்கம் எனக்குப் பிடித்தது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஒவ்வொரு வேளையும் அம்மாவுக்கு ஒரு டம்ளர் மோரோ தண்ணீரோ. கேட்பதில்லை, கையில் கொடுத்துவிடுகிறார். நாமெல்லாரும் பின்பற்றலாம்.

புயலைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களின் குரல் மாறும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, இந்த வட்டாரத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. பாட்டன் வைத்த பலாவைத் துண்டு துண்டாக அறுத்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் இன்றும் அந்த நாளைக் கொண்டே வருஷம் கணக்கிடுகிறார்கள். "தானே அடிச்ச வருஷம்தான் அப்பாவுக்கு மொத மொதல்ல மயக்கம் வந்துச்சு" என்பார் ஒருவர். "2015 வெள்ளத்தப்ப அம்மா நடந்துக்கிட்டுதான் இருந்தாங்க" என்பார் இன்னொருவர். 2024 நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மின்சாரம் நின்ற வீடுகளில், படுக்கையில் இருந்தவர்களின் காற்று மெத்தையும் நின்றுபோனது. அந்த மாதிரி ராத்திரிகளில் முதலில் வந்து கதவைத் தட்டுவது யார் என்று அந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீடியோ அழைப்பில் "அங்க மழையாம்மா?" என்று கேட்கிறீர்கள். "இங்க ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கோம்" என்று பதில் வருகிறது. உங்கள் அம்மா உங்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்; உங்கள் தூக்கம் கெட வேண்டாம் என்று நினைப்பார். பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மல்லி பூத்ததா என்று கேளுங்கள். "மல்லியெல்லாம் பூத்துதான் கெடக்குது தம்பி, பறிக்கத்தான் உங்கம்மாவால குனிய முடியல" என்று அவர் சொல்வார். டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று நீங்கள் அதை வைத்து முடிவு செய்யலாம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைக் கேள்வி கேட்க 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பார்த்துக்கொள்கிற அந்த 62 வயது மகளுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது யார் என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை. தாலுகாவுக்கு ஒரு பகல்நேரக் காப்பகமாவது வேண்டும். முதியவரை இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு, மகள் தன் முழங்காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போய்வரும்படியாக. அது வரும்வரை தெருதான் அந்தக் காப்பகம்.

சமீபத்தில் ஒரு வீட்டில், அம்மாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர், நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எதிர்வீட்டுச் சிநேகிதிக்கு எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேன். கத்தரிக்கு இரண்டு வேளை தண்ணீர். ஓமவல்லிக்கு வேண்டாம். மிளகாயில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய்க் கரைசல் பாட்டிலில் இருக்கிறது. அப்பாவுக்கு எட்டு மணிக்கு வெள்ளை மாத்திரை, சாப்பிட்ட பிறகு மஞ்சள். கதவைத் தாழ்ப்பாள் போட விடாதே. எல்லாம் ஒரே பட்டியல், ஒரே கையெழுத்து. தாளை வாங்கிய சிநேகிதி படித்துவிட்டுக் கேட்டது இரண்டே கேள்வி: "அப்பாவுக்கு இட்லியா தோசையா? ஆடிப்பட்டத்துக்கு உனக்கும் சேத்து பீர்க்கன் விதை எடுத்து வச்சுடவா?"

"இட்லிதான் கேப்பாரு. விதை வேணும்க்கா, இந்தத் தடவை கீழேயே போடலாம்" என்று சொல்லிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு அவர் ஆட்டோவில் ஏறினார்.