கேக் டின் வாங்கப் போறீங்களா? பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க!

“ஆசையா வாங்கின டின்னுங்க... ஆறே மாசத்துல உரிஞ்சு போச்சு!”

வீட்டில் ஓவன் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. கூடவே ஒரு பயமும் வரும். “உரிஞ்ச டின்ல செஞ்ச கேக்கைக் குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா?”

நியாயமான கேள்விதான். முதலில், நான்-ஸ்டிக் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம்.

உலோகத்தின் மேல் பூசுகிற மெல்லிய பூச்சு அது. பெரும்பாலும் பி.டி.எஃப்.இ. என்ற பொருள். ‘டெஃப்லான்’ என்றால் சட்டென்று புரியும். 1938-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்ற வேதியியல் அறிஞர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. சமையல் பாத்திரத்துக்கு அது வந்தது 1950-களில், பிரான்ஸில்.

எந்தப் பூச்சும் ஒருநாள் தேயத்தான் செய்யும். டின் நாள்பட உழைப்பது அடியில் இருக்கும் உலோகத்தையும், நாம் கையாளும் விதத்தையும் பொறுத்தது.

கடையில் என்ன பார்க்கணும்?

* கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் வளைகிறதா? வேண்டாம், வைத்துவிடுங்கள். மெல்லிய தகடு சூட்டில் நெளியும். கேக் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது.

* சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. பூச்சு கீறிய இடத்தில் துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். துருத் தொல்லை இல்லை. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுவே நல்லது.

* மூலையில் மடிப்பு, இணைப்பு இல்லாமல் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த டின் உத்தமம். மடிப்புக்குள்ளும் சுருட்டிய விளிம்புக்குள்ளும் தண்ணீர் தங்கித்தான் துரு ஆரம்பிக்கும்.

* ஓவனின் உள்அளவை எடுத்துக்கொண்டு போங்கள். டின்னைச் சுற்றிச் சூடு பரவ இடம் வேண்டும்.

* ‘பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது’ என்று போட்டிருக்கிறதா? முன்பு இந்தப் பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்ட ரசாயனம் அது. 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

எது நிஜமான ஆபத்து?

பூச்சின் துணுக்கு தெரியாமல் வயிற்றுக்குள் போய்விட்டதா? பதற வேண்டாம். பி.டி.எஃப்.இ. ஜீரணமாகாது, அப்படியே வெளியேறிவிடும். அதற்காக உரிந்த டின்னைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். மாற்றிவிடுவதுதான் சரி.

உண்மையில் பயப்பட வேண்டியது அதிகச் சூட்டுக்கு. சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூச்சு கெட ஆரம்பிக்கும். இன்னும் ஏறினால் நச்சுப் புகை வரும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல், இருமல் வரலாம். கூண்டில் வளர்க்கிற கிளி செத்தே போகும்!

ஓவனில் கேக் வேகிற சூடு 170, 180 டிகிரிதான். அதனால் கவலையில்லை. ஆனால் குக்கரில் உப்போ மணலோ கொட்டிக் கேக் செய்கிறோமே, அங்கே சூடு எவ்வளவு ஏறுகிறது என்று நமக்குத் தெரியாது. அதற்குப் பூச்சில்லாத சாதா அலுமினிய டின்னில் பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள். நான்-ஸ்டிக் டின்னை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. காலி டின்னை ஓவனுக்குள் வைத்துச் சூடேற்றவும் வேண்டாம்.

நாள்பட உழைக்க...

* கேக்கை டின்னிலேயே வைத்துக் கத்தியால் வெட்டாதீர்கள். கவிழ்த்துவிட்டு வெட்டுங்கள்.

* கம்பி நார் கூடாது. வெந்நீரில் ஊறவைத்து, மெத்தென்ற ஸ்பான்ஜால் தேய்த்தால் போதும்.

* ஸ்ப்ரே எண்ணெய் பிசுக்காகப் படிந்துவிடும். வெண்ணெய் தடவி மைதா தூவுவதே மேல்.

* கழுவியதும் துடைத்து, சூடு ஆறிக்கொண்டிருக்கும் ஓவனில் சற்று வையுங்கள். விளிம்புக்குள் இருக்கும் ஈரமும் போய்விடும்.

* ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் நடுவில் துணி போடுங்கள்.

* கறுப்பு டின் சீக்கிரம் சிவக்க வைக்கும். 10 டிகிரி குறைத்து வையுங்கள்.

கனமான டின் விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் வருஷத்துக்கு ஒன்று மாற்றுவதோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்... லாபம் உங்களுக்குத்தான்!