கரத்தை ரோடும் குறுக்கும்

மடுல்கெல்லவுக்கு நடக்கப் போகிறேன் என்று கண்டியில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நக்கிள்ஸ் ஏறவா?" என்பார்கள். கூடாரம், வழிகாட்டி, இரண்டு நாள் சாப்பாடு என்று பேச்சு வளரும். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. நான் சொல்லப்போவது காலை ஆறரைக்குக் கிளம்பி, பதினொன்றுக்குள் திரும்பி, பகல் சோற்றுக்கு உட்கார்ந்துவிடக்கூடிய நடை. முழங்கால் கொஞ்சம் முனகுகிற அம்மாவும் வரலாம், பத்து வயதுப் பிள்ளையும் வரலாம்.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ரோடு ஏறுகிறது. தூரம் பெரிதில்லை, வளைவுகள்தான் நேரத்தைத் தின்னும். ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், மடுல்கெல்ல சுமார் 1000. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குளிரும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் இங்கே கண்டியைவிட மூன்று பாகை குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று பிடரியில் படும், அப்போது தெரியும்.

எதிரே நிற்கும் மலைக்குச் சிங்களத்தில் தும்பர என்று பெயர். மடக்கிய கையின் விரல் முட்டிகளைப்போலத் தெரிகிறது என்று வெள்ளைக்காரர்கள் நக்கிள்ஸ் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அதன் மிக உயர்ந்த சிகரம் கொம்பனிய, 1906 மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டு நடப்பதற்கும் அதில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

நடப்பது எங்கே? தோட்டத்துக்குள்தான். தேயிலை மலைகளுக்கு நடுவே இரண்டு வகை வழி உண்டு. ஒன்று கரத்தை ரோடு, மற்றது குறுக்கு. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் மடுல்கெல்லவில் வழிகாட்டிப் பலகையே வேண்டாம்.

கரத்தை ரோடு தேயிலைக்கு முந்தியது. 1820களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல்தான். அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டுக் கரத்தையில்தான் மலையிறங்கின. பாரம் ஏற்றிய கரத்தையை மாடு செங்குத்தில் இழுக்காது, இறக்கத்திலும் தாங்காது. அதனால் மலையை நேரே வெட்டாமல், அதன் இடுப்பைச் சுற்றி, சரிவு தெரியாதபடி ரோடு போட்டார்கள். 1869இல் இலைநோய் தெரியவந்து, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது, கரத்தை போய் லொறி வந்தது. ரோடு மட்டும் அங்கேயே கிடக்கிறது. நமக்கு மூச்சு வாங்காததற்குக் காரணம் அந்த மாடுகள்தான்.

குறுக்கு வேறு கதை. கரத்தை ரோடு ஒரு வளைவில் அரை மைல் சுற்றும் இடத்தை, குறுக்கு ஐம்பது அறுபது படியில் வெட்டிக் கடந்துவிடும். சில இடத்தில் கருங்கல் படி, சில இடத்தில் வெறும் மண்ணில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம். கொழுந்து எடுக்கும் பெண்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் போவது இதில்தான். வரைபடத்தில் இது பெரும்பாலும் இருக்காது. கைபேசி வரைபடத்தை நம்பி நடப்பவர்கள் கரத்தை ரோட்டிலேயே நிற்பதற்கு இது நல்ல காரணம்.

நான் ஒருமுறை நிற்கவில்லை. முந்தின இரவு மழை. கீழே தெரிந்த கோவில் கோபுரத்தைக் குறிவைத்து ஒரு குறுக்கில் இறங்கினேன். நாலாவது படியில் கால் போனது. தேயிலைச் செடியின் கவ்வாத்து வெட்டிய கிளையைப் பிடித்து நின்றேன். உள்ளங்கையில் கீறல், காற்சட்டை முழுக்கச் செம்மண். இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

"ரோட்டால வந்திருக்கலாமே தம்பி. நாங்க அவசரத்துக்குத்தான் குறுக்கால போறது. ஒங்களுக்கு என்ன அவசரம்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எளிய நடை என்பதை எப்படி அளப்பது? ஸ்கொட்லாந்துக்காரரான நேஸ்மித் 1892இல் சொன்ன ஒரு கணக்கை மலையேறுபவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். கரத்தை ரோட்டில் நாலு கிலோமீட்டர் நடந்து 200 மீட்டர் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். தூரத்துக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 20 நிமிடம், ஆக 68 நிமிடம். அவர் பிள்ளைகளோடு போயிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நம் குடும்பத்துக்கு அதை இரட்டித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க நிற்பதற்கும், வீட்டுப் படலைக்குள் நின்று "எங்கயிருந்து வாறீங்க?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்வதற்கும் சேர்த்துத்தான்.

ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் தேயிலை சட்டென்று நின்று காடு தொடங்கும். கோடு கிழித்த மாதிரி இருக்கும். இது தானாக நடந்ததல்ல. கோப்பிக்காக மலையை உச்சிவரை மொட்டையடித்தால் ஆறுகள் வற்றும் என்ற அச்சம் அன்றே எழுந்தது. தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனையை ஒட்டி, 1873இல் 5000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாது என்று தடுத்தார்கள். நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே மூக்கில் இலை முளைத்தது போன்ற ஒரு ஓணான் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை, இந்த மலையில் மட்டும். ஆனால் எளிய நடைக்கு அந்த ஓரம்தான் எல்லை. வனத்துக்குள் போக வனத் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டும், வழி தெரிந்த ஆளும் வேண்டும். ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து பத்து நிமிடம் சும்மா இருங்கள். நிழலில் ஊறிய இலையின் வாசமும் குரங்கின் உறுமலும் சீட்டில்லாமலே வரும்.

காலம் முக்கியம். நக்கிள்ஸுக்கு இரண்டு பருவக்காற்றும் மழை கொண்டுவரும். தை கடைசி முதல் சித்திரை வரை வானம் ஓரளவு தெளிந்திருக்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை உண்டு, ஆகவே காலையிலேயே நடந்துவிட வேண்டும். மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படி. மஞ்சளே வந்தாலும் நடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் எப்படிச் சரிந்தன என்று பார்த்தோம். முன்பு நடந்த வழிதானே என்று போகாமல், ரோடு சரியாக இருக்கிறதா என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஈரமென்றால் அட்டை. கடித்தது தெரியாது, வலியை மரக்கச்செய்து, இரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டுதான் குடிக்கும். அதனால்தான் அது விழுந்த பிறகும் இரத்தம் வழிந்துகொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பிடித்து இழுக்காமல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பிவிடுங்கள். ஈரமான சவர்க்காரத்தைக் காலுறைமேல் தேய்த்துக்கொள்வது நல்லது.

உண்மையில் பயப்பட வேண்டியது குளவிக்கு. மலையகச் செய்திகளில் 'குளவிக் கொட்டுக்கு இலக்காகி' என்ற வரி அடிக்கடி வரும். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகத்திலும் பெரிய கறுப்புத் தட்டாகக் கூடு தொங்கும். பருந்து மோதினாலும் காற்று பலமாக அடித்தாலும் கலைந்துவிடும். கூட்டின் கீழே கத்துவது, புகை போடுவது, கல்லெறிவது கூடவே கூடாது. அந்தப் பக்கம் போகாதே என்று தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னால் ஏன் என்று கேட்டுக்கொண்டிராமல் திரும்பிவிடுங்கள். அந்தி சாய்ந்தபின் நடக்காதீர்கள், சிறுத்தைக்கு அது உலாவும் நேரம்.

தோட்டம் ஒரு வேலைத்தலம். நிறுவையின்போது மடுவத்துக்குள் நுழைந்து படம் எடுப்பது, லயத்துக் கதவை எட்டிப்பார்ப்பது எல்லாம் நாம் நம் வீட்டில் விரும்பாதவை. தோட்டத்துக்குள் போகலாமா என்று காவலாளியிடமோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் போனால் சிக்கலில்லை. இந்தத் தோட்ட மக்களின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து மலைக்கு ஏறியவர்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வந்து இருநூறாண்டானதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி போனார்கள். நடையைப் பொழுதுபோக்கு என்று நாம் சொல்லும்போது இவர்களில் சிலருக்குச் சிரிப்பு வருவதில் வியப்பில்லை.

மடுல்கெல்லவரை போக நேரமில்லையென்றால் கண்டியிலேயே தலதா மாளிகைக்குப் பின்னால் உடவத்தகெலே இருக்கிறது. 104 ஹெக்டேயர் காடு, 1856இலேயே ஒதுக்கப்பட்டது, சீட்டு எடுத்தால் மர நிழலில் நல்ல பாதை. நக்கிள்ஸின் மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் மாத்தளை வழியாக ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தன. பிட்டவலவில் புல்வெளி வழியே கொஞ்ச தூரம் நடந்தால் செங்குத்தின் விளிம்பு வந்துவிடும், அதைச் சின்ன உலக முடிவு என்கிறார்கள். மலையின் இன்னொரு பக்கத்தில் டீன்ஸ்டனிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. வாகனம் பிடிக்கும்போது எந்தச் சின்ன உலக முடிவு என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் மலையின் தவறான பக்கத்தில் போய் இறங்குவீர்கள்.

மடுல்கெல்லவுக்கே வருவோம். பத்தரை மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மேலே ஊர்ந்து வரத்தொடங்கும். முதலில் விரல் முட்டிகள் மறையும், பிறகு காட்டோரம், பிறகு எதிர் மலையின் லயங்கள். அதற்குள் கடைக்கு வந்துவிட்டீர்களென்றால், முதலில் கண்டி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதன்பிறகு பிளேன்டீ சொல்லுங்கள். உள்ளங்கையில் சீனி வைத்துத் தருவார்கள். எதிர் மலையில் பறித்த கொழுந்தின் நல்ல ரகம் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும், கோப்பையில் இருப்பது டஸ்ட். ஆனால் சாயம் ஏறும்.