கீபோட்டும் மவுசும் இயங்காவிட்டால் கணனியை அழிக்க வேண்டாம்

காணி உறுதி, பெமிற், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கணனி ஒன்றிலே சேமித்து வைத்திருக்கும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. இடப்பெயர்வின்போது மூலப் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு அந்தப் பிரதியே பிடிமானம். அப்படிப்பட்ட கணனி ஒரு நாள் திரையைக் காட்டும். ஆனால் கீபோட்டை அழுத்தினாலும் மவுசை அசைத்தாலும் ஒன்றும் நடவாது. ரவுணுக்குக் கொண்டு போனால், "விண்டோசைப் புதிதாகப் போடவேண்டும்" என்று சொல்லப்படுவதும் உண்டு. அப்படிப் போடும்போது உள்ளே இருப்பவை அழிந்துபோகலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை.

வாய்க்காலுக்குத் தண்ணீர் வராவிட்டால் உடனே இயந்திரத்தைக் கழற்றமாட்டோம். எண்ணெய் இருக்கிறதா, குழாய் காற்று இழுக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதுவும் அப்படித்தான்.

1996இல் அறிமுகமான யூ.எஸ்.பி. முறையில், கீபோட், மவுஸ் வயருக்குள் நான்கு கம்பிகள் உள்ளன. இரண்டு, 5 வோல்ற் மின்சாரத்தைக் கொண்டு செல்கின்றன. மற்ற இரண்டும் செய்தியைக் கொண்டு செல்கின்றன. எது தடைப்பட்டது என்பதைக் கண்டுபிடிப்பதே எமது வேலை.

1. விளக்கைப் பாருங்கள். பெரும்பாலான மவுசுகளின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியும். அது இல்லாவிட்டால் மின்சாரம் போய்ச் சேரவில்லை எனலாம். வெளிச்சம் இருந்தும் அம்புக்குறி அசையாவிட்டால் செய்தி போகவில்லை. கீபோட்டில் கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணனி கீபோட்டை அறிந்திருக்கிறது.

2. இடம் மாற்றுங்கள். இடையிலே பல துளைப் பெட்டி இருந்தால் அதை நீக்கிவிட்டு, கணனியின் பின்பக்கத் துளைகளில் நேரே செருகுங்கள். பிரின்டர், பென் ட்ரைவ் முதலிய அனைத்தையும் கழற்றுங்கள். பழுதான ஒரு பென் ட்ரைவ் மற்றத் துளைகளின் மின்சாரத்தையும் தடுக்கக்கூடும். துளைக்குள் தூசி, எறும்பு, துரு உண்டா என்றும், வயரை எலி கடித்ததா என்றும் கவனியுங்கள். சுத்தம் செய்யுமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

3. வேறொரு கணனியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் அவற்றில் குறையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், குறை பெரும்பாலும் கணனியின் பக்கத்திலேதான்.

4. முழுமையாக அணையுங்கள். பவர் பொத்தானை ஒருமுறை மெதுவாக அழுத்தினால் கணனி வழமையாக ஒழுங்கான முறையில் அணையும். பின்னர் பிளக்கைக் கழற்றி, அதே பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வெளியேறும். மறுபடி பிளக்கைச் செருகி இயக்குங்கள். பல கணனிகள் இதனோடேயே சரியாகிவிடுகின்றன.

5. விண்டோஸ் வருமுன் சோதியுங்கள். கணனியை இயக்கியவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையை விட்டுவிட்டு அழுத்துங்கள். பயோஸ் எனப்படும் அமைப்புத் திரை திறந்தால் கீபோட்டும் துளையும் நல்லவை. குறை விண்டோசில் உள்ளது. அங்கே எதையும் மாற்றாமல் வெளியேறுங்கள். திரை திறக்காவிட்டால், குறை துளையிலோ பயோஸ் அமைப்பிலோ இருக்கலாம். பழைய கணனியில் வட்டத் துளை இருந்தால், அதற்குரிய கீபோட்டை, கணனி அணைந்திருக்கும்போது மட்டும் செருகிப் பயன்படுத்தலாம்.

விண்டோசை மாற்றுவதே புதிய தொல்லையைத் தருவதும் உண்டு. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இல் யூ.எஸ்.பி. 3 துளைகளுக்கான இயக்க மென்பொருள் இல்லை. அதைப் பிற்காலக் கணனியில் போட முயன்றால், நன்றாக வேலை செய்த கீபோட்டும் மவுசும் நடுவிலே நின்றுவிடலாம். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரியுடன் நிறுத்தப்பட்டுவிட்டன.

இவ்வளவும் செய்தும் பயனில்லையானால் திருத்துநரிடம் போகத்தான் வேண்டும். எந்தப் படிவரை சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். "உள்ளே இருப்பதை எங்களைக் கேளாமல் அழிக்கவேண்டாம்" என்பதையும் அதிலே எழுதுங்கள். கணனி இயங்காவிட்டாலும், அதன் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணனியில் இணைத்துப் பத்திரங்களைப் பிரதி எடுக்க முடியும். முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். திருத்த வேலை பிறகு நடக்கட்டும்.

கணனி நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு பிரதியைப் பென் ட்ரைவிலும், அச்சிட்ட ஒரு பிரதியை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். விதைநெல்லை ஒரே கோர்க்காலியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குபவர் யார்? காணிப் பத்திரமும் எம் பிள்ளைகளுக்கான விதைநெல்தான்.